சமாதான ஒப்பந்தம் வெறும் காகிதம்தானா? எகிப்து–இஸ்ரேல் கணக்கை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "நாடுகள் சண்டை போடுகின்றன. பிறகு தலைவர்கள் கைகுலுக்கிச் சமாதான ஒப்பந்தம் போடுகிறார்கள். நாலு வருடத்தில் மறுபடி குண்டு விழுகிறது. அப்படியானால் அந்தக் காகிதத்துக்கு என்ன அர்த்தம்? போர்நிறுத்தம் அறிவித்தாலே போதாதா, தனியாக ஓர் ஒப்பந்தம் எதற்கு?"

நியாயமான கேள்வி. உடைந்த ஒப்பந்தங்களின் பட்டியல் நீளமானதுதான். ஆனால் உடைந்தவைதான் செய்தியாகின்றன. நிற்பவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆகவே நின்ற ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எதனால் நிற்கிறது என்று பார்ப்போம். 1979 மார்ச் 26 அன்று வாஷிங்டனில் எகிப்தும் இஸ்ரேலும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதற்குத் தோதானது. 1948, 1956, 1967, 1973 என்று கால் நூற்றாண்டுக்குள் நான்கு போர்கள் நடத்திய நாடுகள் இவை. நடுவில் சூயஸ் கால்வாயின் இரு கரைகளிலிருந்தும் மாதக்கணக்கில் பீரங்கிச் சண்டை வேறு. கையெழுத்தான பிறகு இன்றுவரை இந்த இரண்டுக்கும் இடையே ஒரு போர்கூட வரவில்லை. இரு நாட்டு மக்களுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் வந்துவிட்டதா என்றால், துளியும் இல்லை. பிரியம் இல்லாமலே ஒப்பந்தம் நிற்கிறது. என்னைக் கேட்டால், இதில் படிக்க வேண்டியதே அதைத்தான்.

முதலில் போர்நிறுத்தத்துக்கும் சமாதான ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசம். சுடுவதை நிறுத்துவது ஒன்று, போரை முடிப்பது வேறு. களத்தில் தளபதிகள் பேசி, காயம்பட்டவர்களை எடுத்துப்போகச் சில மணி நேரம் சண்டையை நிறுத்துவது அடிமட்டம். அதற்கு மேலே எழுத்து மூலமான போர்நிறுத்த உடன்பாடு. அதில் கோடு கிழிப்பார்கள், படை எங்கே நிற்கும் என்று சொல்வார்கள், கைதிகளை மாற்றிக்கொள்வார்கள். போர் முடிந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கொரியப் போருக்காகக் கையெழுத்தானது இந்த வகை. தென் கொரியா அதில் கையெழுத்துக்கூடப் போடவில்லை. நாலு கிலோமீட்டர் அகலத்தில் ஆளில்லாத பட்டை ஒன்றை நடுவில் விட்டுவிட்டு, எழுபது வருடத்துக்கும் மேலாக இரு கொரியாக்களும் சட்டப்படி போர் முடியாத நிலையிலேயே காலம் தள்ளுகின்றன. அதற்கும் மேலே இருப்பதுதான் சமாதான ஒப்பந்தம். போர்நிலை ஒழிந்தது, எல்லை இது, இனி உன்னை ஒரு நாடாக ஏற்கிறேன் என்று ஓர் அரசு இன்னோர் அரசுக்கு எழுதிக் கொடுப்பது அது.

இந்த வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு எகிப்தே சாட்சி. 1949 பிப்ரவரி 24 அன்று ரோட்ஸ் தீவில், ஐ.நா.வின் ரால்ஃப் பன்ச் நடுவராக இருக்க, எகிப்தும் இஸ்ரேலும் ஒரு போர்நிறுத்த உடன்பாடு போட்டன. அதன்பின் இஸ்ரேலுக்குப் போகும் கப்பல்களை எகிப்து சூயஸில் மறித்தது. கேட்டால், "சண்டைதான் நின்றிருக்கிறது, போர் முடியவில்லை, எதிரிக்குப் போகும் சரக்கைச் சோதிக்கப் போரிடும் நாட்டுக்கு உரிமை உண்டு" என்று சொன்னது. 1951இல் பாதுகாப்பு சபை அந்த வாதத்தை ஏற்காமல் தீர்மானம் போட்டது. எகிப்து கண்டுகொள்ளவில்லை. 1967 மே மாதம் அகாபா வளைகுடாவின் வாயில் உள்ள திரான் நீரிணையையும் எகிப்து அதிபர் நாசர் மூடினார். அடுத்த மாதமே போர். ஆறே நாளில் எகிப்தின் சினாய் தீபகற்பம் முழுவதும், கிட்டத்தட்ட 60,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான நிலம், இஸ்ரேல் கைக்குப் போனது. முடிக்காமல் விட்ட ஒரு போர்நிலை பதினெட்டு வருடம் கழித்துக் கேட்ட விலை அது. போர்நிறுத்தம் மட்டும் போதாதா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், சமாதான ஒப்பந்தம் பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி. பத்திரம் எழுதிக்கொண்ட அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. வரப்பு எது, கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு எத்தனை முறை என்பதில் தகராறு வரக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த ஒப்பந்தம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. 1973 அக்டோபர் 6 அன்று எகிப்தியப் படை கால்வாயைத் தாண்டித் தாக்கியது. மூன்று வாரத்துக்குள் இஸ்ரேல் எதிர்ப்பக்கம் கால்வாயைக் கடந்து எகிப்தின் மூன்றாம் படையைச் சுற்றி வளைத்தது. சோறு தண்ணீர் இல்லாமல் தவித்த அந்தப் படைக்குப் பொருள் அனுப்புவது எப்படி என்று பேசத்தான் இரு தரப்புத் தளபதிகளும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். கெய்ரோ–சூயஸ் சாலையில் 101ஆவது கிலோமீட்டர் கல்லருகே கூடாரம். எகிப்துக்காக கமாசி, இஸ்ரேலுக்காக யாரிவ். பேச்சின் பொருள் சமாதானமே அல்ல, லாரிகள். அங்கே ஆரம்பித்து 1974இல் ஒரு படைவிலக்க உடன்பாடு, 1975இல் இன்னொன்று. எட்டு வருடம் மூடிக்கிடந்த சூயஸ் கால்வாய் அந்த 1975 ஜூனில் திறந்தது. 1977 நவம்பரில் எகிப்து அதிபர் சதாத் ஜெருசலேமுக்கே விமானம் ஏறி, இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் போய்ப் பேசினார். உலகமே வாயைப் பிளந்தது. அதைக் கண்டித்து அவருடைய வெளியுறவு அமைச்சர் ஃபாமி ராஜினாமா செய்தார். அந்த இடத்துக்கு வந்த காமிலும் அடுத்த வருடம் பேச்சுவார்த்தை நடந்த இடத்திலேயே ராஜினாமா கொடுத்தார். சதாத் கொடுத்த விலையில் இதெல்லாம் சின்ன தவணைதான்.

அந்த இடம் கேம்ப் டேவிட். அமெரிக்க அதிபர்கள் ஓய்வெடுக்கும் மலைக் குடில்கள். 1978 செப்டம்பர் 5 முதல் 17 வரை அமெரிக்க அதிபர் கார்ட்டர், சதாத், இஸ்ரேல் பிரதமர் பெகின் மூவரும் அங்கே இருந்தார்கள். முதல் சில நாளிலேயே சதாதும் பெகினும் ஒரே அறையில் உட்கார்ந்தால் காரியம் கெடும் என்று கார்ட்டருக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு இருவரையும் பிரித்துவைத்து, அமெரிக்கர்கள் ஒரே ஒரு வரைவை எழுதி, இந்தக் குடிலுக்கும் அந்தக் குடிலுக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒருவர் அடித்ததைத் திருத்தி இன்னொருவரிடம், அவர் அடித்ததைத் திருத்தி மறுபடி இவரிடம். இப்படி 23 வரைவுகள். இஸ்ரேல் தரப்பில் சட்ட வல்லுநர் அஹரோன் பராக், எகிப்துத் தரப்பில் ஒசாமா எல்-பாஸ். இந்த இருவரோடு கார்ட்டரே பேனாவும் கையுமாக உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தார். ஒரு கட்டத்தில் சதாத் பெட்டியைக் கட்டிவிட்டார். கார்ட்டர் தனியே போய்ப் பேசி நிறுத்தினார். கடைசி நாளில் ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தில் பெகின் முறுக்கிக்கொண்டார். தம் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க கார்ட்டர் கையெழுத்திட்ட புகைப்படங்கள் வேண்டும் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பேரக்குழந்தையின் பெயரை எழுதி, தாமே எடுத்துக்கொண்டு பெகினின் குடிலுக்குப் போனார். பெகின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார், குரல் தழுதழுத்தது. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் படங்களால் மட்டும் ஒப்பந்தம் வந்ததாக நினைக்காதீர்கள். ஜெருசலேம் கடிதத்தின் வாசகத்தையும் மாற்றினார்கள். சினாயிலிருந்து யூதக் குடியிருப்புகளை அகற்றும் முடிவைத் தம் தோளில் சுமக்க விரும்பாமல், நாடாளுமன்றத்தின் வாக்குக்கு விடுவதாகச் சொல்லிப் பெகின் நழுவினார். அங்கே 84க்கு 19 என்று நிறைவேறியது.

இனி ஒப்பந்தத்தைக் கையில் எடுப்போம். முக்கிய வாசகத்தில் ஒன்பது ஷரத்துகள்தான். முதலாவது போர்நிலை முடிந்தது என்கிறது. இரண்டாவது எல்லை எது என்கிறது: பிரிட்டிஷார் ஆண்ட பாலஸ்தீனத்துக்கும் எகிப்துக்கும் இடையே இருந்த பழைய கோடு, காஸாவின் நிலையைத் தொடாமல். ஐந்தாவது சூயஸும் திரானும்: இஸ்ரேலியக் கப்பல்களுக்குத் தடையற்ற வழி. 1951இலும் 1967இலும் எதைச் சொல்லி மோதினார்களோ அது இங்கே ஒரே பத்தியில் முடிந்துவிட்டது. ஏழாவது, தகராறு வந்தால் பேச்சு. பேச்சில் தீராவிட்டால் சமரசம் அல்லது நடுவர் மன்றம். அரபு, ஹீப்ரு, ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, முரண்பட்டால் ஆங்கில வாசகமே செல்லும் என்றும் போட்டிருக்கிறார்கள்.

பத்திரிகைகள் மேற்கோள் காட்டுவது இந்த ஷரத்துகளையும் முன்னுரையையும்தான். ஒப்பந்தத்தின் உயிர் இருப்பது யாரும் படிக்காத இணைப்புகளில். முதல் இணைப்பு சினாயை மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பட்டைகளாக வெட்டுகிறது; இஸ்ரேல் பக்கம் ஒல்லியாக நான்காவது ஒன்று. கால்வாயை ஒட்டிய முதல் பட்டையில் எகிப்து ஒரு டிவிஷன் வைத்துக்கொள்ளலாம்: 22,000 பேர்வரை, 230 டாங்கிகள், 126 பீரங்கிகள், 480 கவச வண்டிகள். நடுப் பட்டையில் எல்லைக் காவல் பட்டாலியன்கள் நான்கு, 4,000 பேர்வரை. இஸ்ரேலை ஒட்டிய மூன்றாவதில் ராணுவமே கூடாது. சாதாரண ஆயுதம் வைத்த போலீஸ் மட்டும். இஸ்ரேல் தன் பக்கத்துப் பட்டையில் 4,000 பேரும் 180 கவச வண்டிகளும் வைக்கலாம், ஒரு டாங்கிகூட நிற்கக் கூடாது. விமான எதிர்ப்புத் துப்பாக்கிக்கு எத்தனை மில்லிமீட்டர் வாய் என்பதுவரை எழுதியிருக்கிறது. படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் இந்த எண்களின் வேலையே வேறு. எகிப்து மறுபடி தாக்க நினைத்தால் முதலில் நூற்றுக்கணக்கான டாங்கிகளைக் கால்வாயிலிருந்து இருநூறு கிலோமீட்டர் திறந்த பாலைவனத்தில் நகர்த்த வேண்டும். நகர்த்துவது எல்லார் கண்ணிலும் படும். அதற்குள் மறுதரப்பு தயாராகிவிடும். திடீர்த் தாக்குதல் என்ற ஒன்றே கையை விட்டுப் போகிறது. 1967, 1973 இரண்டும் திடீர்த் தாக்குதலில் ஆரம்பித்தவை என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது வரிசை. நீ முதலில் போ, நான் பிறகு தருகிறேன் என்ற பேச்சே இல்லை. ஒரு கை கொடுக்க ஒரு கை வாங்கினார்கள். 1979 ஏப்ரல் 25 அன்று ஏற்பு ஆவணங்கள் கைமாறின. மே மாதமே எல்-அரிஷ் நகரம் எகிப்திடம் போனது. ஒன்பது மாதத்தில் இஸ்ரேல் சினாயில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை விட்டு விலகியது. அது முடிந்த அடுத்த மாதம் தூதர்கள் மாறினார்கள். மூன்று வருடம் முடியும் நாளில், 1982 ஏப்ரல் 25, கடைசிப் படையும் வெளியேறியது. அதற்கு முன்பே யாமித் என்ற குடியிருப்பு நகரத்தில் வெளியேற மறுத்துக் கூரைமேல் ஏறி நின்றவர்களை இஸ்ரேலியப் படையே இறக்கிக்கொண்டு வந்து, கட்டடங்களை இடித்துத் தள்ளியது. இந்த மூன்று வருடத்துக்கு நடுவில், 1981 அக்டோபர் 6 அன்று, சதாதை அவருடைய ராணுவ அணிவகுப்பிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒப்பந்தமும் அவரோடு போய்விடும் என்று பயந்தவர்கள் இஸ்ரேலில் ஏராளம். ஆறு மாதம் கழித்து வர வேண்டிய கடைசி தவணை தேதி தவறாமல் நடந்தது. கையெழுத்துப் போட்டவர் சதாத் ஆனாலும், கடன்பட்டது எகிப்து என்ற நாடு. (எகிப்து இந்த ஒப்பந்தத்தை மக்கள் வாக்குக்கும் விட்டது, 99 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். அந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் விருப்பம்.)

சரி, இத்தனை டாங்கி, இத்தனை ஆள் என்று எழுதிவிட்டால் யார் போய் எண்ணுவது? பழைய காலத்தில் இதற்குப் பிணை வாங்கினார்கள். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தான் பாதி ராஜ்யத்தையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டபோது, சொன்னதைச் செய்வதற்கு ஈடாக அவருடைய இரண்டு சின்னப் பையன்களைக் காரன்வாலிஸ் பிடித்துக்கொண்டு சென்னைக்குக் கொண்டுபோனார். பணம் கட்டி முடித்த பிறகுதான், 1794இல், பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். (அந்த ஒப்பந்தத்தில் கைமாறியவைதான் சேலம், பாராமகால், திண்டுக்கல் எல்லாம்.) இந்த வகைப் பிணை பணத்தை வசூலிக்க உதவும், அமைதியைக் காக்காது, ஏழே வருடத்தில் கும்பினி மறுபடி வந்தது, திப்பு கோட்டையிலேயே விழுந்தார்.

இன்றைய காலத்துப் பிணை பன்னாட்டுப் படை. அதிலும் ஒரு பழைய அடி இருந்தது. 1956க்குப் பிறகு சினாயில் ஐ.நா. படை நின்றது. 1967 மே மாதம் நாசர் போகச் சொன்னார், அது போய்விட்டது, போர் வந்தது. மழை வரும்போது மடக்கிவிடும் குடை எங்களுக்கு வேண்டாம் என்றது இஸ்ரேல். ஆகவே 1979 ஒப்பந்தத்தில், ஐ.நா. படையை ஒரு தரப்பு நினைத்தால் வெளியேற்ற முடியாது, பாதுகாப்பு சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் சம்மதிக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் சோவியத் எதிர்ப்பால் ஐ.நா. படையே கிடைக்கவில்லை. விட்டுவிடாமல், 1981 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு வெளியே தனியாக ஒரு படையை உருவாக்கிக்கொண்டார்கள். தலைமையகம் ரோமில். எகிப்து, இஸ்ரேல், அமெரிக்கா மூன்றும் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. பிஜித் தீவுக்காரர்கள், கொலம்பியர்கள், அமெரிக்கர்கள், கடலில் இத்தாலியர்கள். மாதம் இரண்டு முறைக்குக் குறையாமல் பட்டைகளைச் சுற்றிவந்து சரிபார்க்க வேண்டும். ஒரு தரப்பு சந்தேகம் சொன்னால் 48 மணி நேரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். பசிபிக் தீவிலிருந்து வந்த ஒரு சிப்பாய் பாலைவன வெயிலில் கவச வண்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கிறான். நாற்பது வருடத்துக்கும் மேலாக இது நடக்கிறது. முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1919இல் 440 ஷரத்துகள் எழுதி ஜெர்மனியின் ராணுவத்தைக் கட்டிப்போட்டார்கள். எண்ணிப் பார்க்கப் போட்ட நேச நாட்டுக் குழு 1927இல் மூட்டை கட்டியது. படையே நிற்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொன்ன ரைன்லாந்துக்குள் 1936இல் ஹிட்லரின் படை நுழைந்தபோது யாரும் விரல் அசைக்கவில்லை. வெர்சாய் தோற்றதற்கு அது கடுமையாக இருந்ததே காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிதான் உண்மை என்பேன்; கடுமையாக எழுதிவிட்டுக் காவலை விட்டதுதான் மீதிப் பாதி.

ஒப்பந்தம் வேலை செய்கிறதா என்று நான் பார்க்கும் இடம் இன்னொன்று: கையெழுத்துக்குப் பிறகு வரும் முதல் தகராறு. இங்கே அது தாபா. செங்கடல் ஓரத்தில் சுமார் ஒரு சதுர கிலோமீட்டர், ஒரு கடற்கரை, ஒரு ஹோட்டல். 1982இல் மற்றெல்லாவற்றையும் கொடுத்த இஸ்ரேல், இது எங்கள் பக்கம் என்று பிடித்துக்கொண்டது. 1906இல் ஒட்டோமான் அரசுக்கும் எகிப்துக்கும் நடுவே நட்ட எல்லைக்கல் எண் 91 எந்த இடத்தில் இருந்தது என்பதே வழக்கு; கூடவே இன்னும் பதின்மூன்று கற்கள். சமரசம் போதும் என்றது இஸ்ரேல், நடுவர் மன்றம்தான் வேண்டும் என்றது எகிப்து. இந்த இழுபறியே 1986 செப்டம்பர்வரை நீடித்தது. பிறகு ஐந்து நடுவர்கள் ஜெனிவாவில் உட்கார்ந்தார்கள். ஸ்வீடன்காரர் லாகர்கிரென் தலைவர். பழைய வரைபடம், பழைய புகைப்படம், நில அளவைக் குறிப்பு என்று இரு தரப்பும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டின. 1988 செப்டம்பர் 29 அன்று நாலுக்கு ஒன்று என்று எகிப்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு. மாறுபட்டவர் இஸ்ரேலின் நடுவர் ரூத் லபிதோத். 1989 மார்ச் 15 அன்று இஸ்ரேல் இடத்தை ஒப்படைத்தது. ஹோட்டலுக்கு எகிப்து ஈடு கொடுத்தது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே மண்ணுக்கு டாங்கி வந்திருக்கும். இப்போது வக்கீல்கள் வந்தார்கள். அவ்வளவு சின்ன நிலத்துக்கு ஏழு வருடம் வாதாடியதைக் கேலி செய்பவர்கள் உண்டு. அந்த நிலத்துக்காக ஏழு வருடமும் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். கேம்ப் டேவிட்டில் உருவானவை இரண்டு ஆவணங்கள். ஒன்று சினாய் பற்றியது, நடந்தது. இன்னொன்று மேற்குக்கரையிலும் காஸாவிலும் பாலஸ்தீனர்களுக்குத் தன்னாட்சி பற்றியது, நடக்கவே இல்லை. பாலஸ்தீனர்கள் யாரும் அந்த மேசையில் இல்லை. அரபு லீக் எகிப்தை விலக்கி, தன் தலைமையகத்தைக் கெய்ரோவிலிருந்து துனிஸுக்குத் தூக்கிக்கொண்டு போனது. பத்து வருடம் கழித்துத்தான் எகிப்தைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. இந்த ஒப்பந்தத்தின் கடமைகள் வேறு எந்த உடன்பாட்டையும்விட மேலானவை என்று ஆறாவது ஷரத்து சொல்கிறது. மற்ற அரபு நாடுகளோடு எகிப்து செய்திருந்த கூட்டுப் பாதுகாப்பு உடன்பாடு அந்த வரியில் செல்லாக்காசானது. சினாயைக் காலி செய்த ஆறாவது வாரம் இஸ்ரேல் லெபனானுக்குள் நுழைந்தது. தெற்கே எகிப்து அசையாது என்ற உறுதி அதற்கு எவ்வளவு உதவியது என்று சொல்லத் தேவையில்லை. எகிப்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது, ஒப்பந்தத்தைத் தொடவில்லை. இரண்டு பேர் செய்துகொள்ளும் சமாதானம் மூன்றாமவர் தலையில் விடிவது சகஜம்.

சென்னைக்கும் இது புதிதில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் ஐரோப்பாவில் எக்ஸ்-லா-ஷபெல் என்ற ஊரில் ஒப்பந்தமாகி, வட அமெரிக்காவில் பிரான்ஸ் இழந்திருந்த லூயிஸ்பர்க் கோட்டைக்கு ஈடாகச் சென்னை மறுபடி ஆங்கிலேயரிடம் வந்தது. இங்கே இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை இதோடு அப்படியே சேர்க்க முடியாது. அது போரிட்ட இரண்டு நாடுகளின் சமாதானம் அல்ல. ஆனால் அதன் ஊனமும் மேசையில்தான். கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும். துப்பாக்கி ஏந்தியிருந்த தமிழ் இயக்கங்களின் கையெழுத்து அதில் இல்லை. அக்டோபருக்குள் அமைதிப்படையே புலிகளோடு போரில் இருந்தது. 1990 மார்ச்சில் திரும்பியது.

அதே ஜெயவர்த்தனா 1951இல் இலங்கையின் நிதி அமைச்சராக சான் பிரான்சிஸ்கோவில் பேசிய பேச்சு ஜப்பானில் இன்றும் நினைவில் இருக்கிறது. ஜப்பானோடு சமாதானம் செய்யக் கூடிய அந்த மாநாட்டில், பகை பகையால் தணியாது என்ற புத்தரின் வாக்கைச் சொல்லி, எங்களுக்கு இழப்பீடு வேண்டாம் என்றார். இந்தியா அந்த மாநாட்டுக்கே போகவில்லை. அமெரிக்கப் படைத் தளங்கள் போன்ற நிபந்தனைகள் ஜப்பானின் சுதந்திரத்தைக் குறைக்கின்றன என்று சொல்லி, 1952 ஜூனில் தனியாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சோவியத் யூனியன் வந்தும் கையெழுத்துப் போடவில்லை. 1956இல் ஒரு கூட்டறிக்கையோடு அவர்கள் போர்நிலை முடிந்தது. நான்கு தீவுகள் யாருக்கு என்பதில் தட்டி, ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே முழுச் சமாதான ஒப்பந்தம் இன்றும் இல்லை. தூதரகம் இருக்கிறது, வியாபாரம் நடந்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தம் இல்லாமல் அமைதி இருக்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். தீராத எல்லை ஒன்றை வருடாவருடம் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும் என்றுதான் சொல்வேன்.

மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லுமா என்றும் கேட்பார்கள். பழைய ஒப்பந்தங்களில் பாதிக்குமேல் தோற்றவன் கழுத்தில் கத்தி வைத்து வாங்கியவைதான். 1969இன் வியன்னா உடன்படிக்கை, ஐ.நா. சாசனத்துக்கு விரோதமாகப் பலப்பிரயோகம் செய்து பெற்ற ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நடைமுறையில் இதைவிடப் பெரிய சோதனை களநிலவரம். 1920இல் துருக்கியைக் கூறுபோட எழுதிய செவ்ர் ஒப்பந்தத்தை முஸ்தபா கெமாலின் படைகள் களத்திலேயே கிழித்தன. 1923இல் லோசானில் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. களத்தில் இல்லாத பலத்தைக் காகிதத்தில் கொண்டுவர முடியாது. எகிப்து–இஸ்ரேல் விஷயத்திலும் அமெரிக்கப் பணமும் ஆயுதமும் இரு கைகளிலும் கொட்டின என்பதை மறைக்க வேண்டியதில்லை. எகிப்திய ராணுவத்துக்கு வருடத்துக்கு 130 கோடி டாலர் என்ற கணக்கு பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. காகிதத்தை நிறுத்தி வைத்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

கடைசியாக, மீறினால் ஒப்பந்தம் செத்துவிட்டதா? 2011இல் கெய்ரோவில் இஸ்ரேல் தூதரகத்துக்குள் கூட்டம் புகுந்தது. அடுத்த வருடம், இஸ்ரேலை ஏற்காத முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைச் சேர்ந்த மோர்சி அதிபரானார். அவரும் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. சினாயில் ஆயுதக் குழுக்கள் பெருகியபோது, ராணுவமே கூடாத பட்டைக்குள் எகிப்துப் படை டாங்கியோடு போக வேண்டியிருந்தது. எழுத்துப்படி அது மீறல். இஸ்ரேல் சம்மதித்தது, ஏனென்றால் இருவருக்கும் எதிரி ஒருவரே. மாற்றங்களைப் பேசி அனுமதிக்க ஏற்பாடு ஏற்கெனவே இருந்ததால் ஒப்பந்தத்தைத் திருத்தாமலே காரியம் நடந்தது. 2005இல் காஸா எல்லையில் 750 எகிப்தியக் காவலர்களை நிறுத்தியதும் அப்படி ஒரு துணை ஏற்பாட்டில்தான்.

2024 மே மாதம் காஸாவுக்கும் எகிப்துக்கும் இடையே 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லைப் பட்டையை இஸ்ரேலியப் படை கைப்பற்றியது. அது ஒப்பந்தத்தின் நான்காவது பட்டைக்குள் வருகிறது, இங்கே இவ்வளவு படை கூடாது என்று எகிப்து சீறியது. சினாயில் எகிப்துதான் அளவுக்கு மீறிப் படை குவிக்கிறது என்று இஸ்ரேல் பக்கத்திலிருந்து பதில் குற்றச்சாட்டு வந்தது. இரண்டு தரப்பும் மற்றவர் மீறியதாகச் சொல்ல எடுத்துக் காட்டியது 1979இல் எழுதிய அதே இணைப்பைத்தான்; ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக இருவரும் அறிவிக்கவில்லை.